பெயரழிந்த பேரரசர்கள்: பிற்கால ரோமானியச் செப்புக்காசுகளை இனங்காணல்

நண்பர் ஒருவர் தம் பாட்டனாரின் தகரப் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு காசை என் உள்ளங்கையில் வைத்தது சில ஆண்டுகளுக்கு முன்பு. கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்ததென்று பாட்டனார் சொல்லுவாராம். சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரியது. ஒருபுறம் வலப்பக்கம் பார்க்கும் ஒரு தலை. மறுபுறம் எதிரெதிரே நிற்கும் இரு வீரர்கள். நடுவே ஒரு கொடிக்கம்பம். தலைக்கு இடப்பக்கம் இலத்தீன் எழுத்துகளில் 'கான்ஸ்டான்டி' என்பது வரை தெளிவாகத் தெரிந்தது. வலப்பக்க எழுத்துகள் மழுங்கிப் போயிருந்தன. "கான்ஸ்டன்டைன் பேரரசர்! ரோமின் முதல் கிறித்தவ மன்னர்!" என்று ஒரு நொடியும் தயங்காமல் அறிவித்தேன். நண்பர் மகிழ்ந்தார். நானும் என் குறிப்பேட்டில் அப்படியே எழுதி வைத்தேன்.

அது பிழை. அந்தப் பிழையைத் திருத்த எனக்கு ஆறு மாதங்கள் ஆயின. அந்த ஆறு மாதங்களில் கற்றுக்கொண்டவற்றைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யவனர் கலங்கள் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தியைச் சங்கப் பாடல்கள் வழியே நாம் அறிவோம். அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோரின் பொற்காசுகளும் வெள்ளிக்காசுகளும் தமிழகத்துப் புதையல்களில் கிடைத்திருக்கின்றன. அவை அருங்காட்சியகங்களில் பெருமையோடு வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் கி.பி. 4, 5-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இந்தச் சிறு செப்புக்காசுகளுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அழகில்லை, எடையில்லை, பெயரும் படிக்க முடிவதில்லை. பழைய பாத்திரங்களோடு பாத்திரமாக உருக்குவதற்குப் போனவை எத்தனையோ! இவற்றை இனங்காண்பது எப்படி என்று தெரிந்தவர்கள் குறைவாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

முதலில் இக்காசுகளின் பிறப்பைப் பார்த்துவிடுவோம்.

கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் ரோமானிய வெள்ளிக்காசு, வெள்ளிப் பூச்சு மட்டும் கொண்ட செம்பாகச் சீரழிந்துவிட்டது. ஏறத்தாழ 294-இல் பேரரசர் டயோக்ளீஷியன் நாணய முறையைச் சீர்திருத்தினார். அப்போது பிறந்த பெரிய வெண்கலக்காசை இன்றைய நாணயவியலார் 'ஃபாலிஸ்' என்றும் 'நும்மஸ்' என்றும் அழைக்கின்றனர். ஏறத்தாழ 10 கிராம் எடை. நம் ஒரு ரூபாய் நாணயத்தைவிட அகலம். மிகச் சிறிதளவு வெள்ளியும் கலந்தது. பின்புறத்தில் ரோம மக்களின் காவல் தெய்வம், கையில் வளக்கொம்பு ஏந்தி நிற்கும். ஆனால் விலைவாசி அடங்கவில்லை. 301-இல் பொருள்களுக்கு உச்சவரம்பு விலை குறித்து அவர் பிறப்பித்த ஆணை புகழ்பெற்றது. அதுவும் பலிக்கவில்லை.

அதன்பின் அந்தக் காசு தேயத் தொடங்கியது. 313 வாக்கில் மூன்றே கால் கிராம் அளவுக்கு இறங்கிற்று. 330-இல் இரண்டரை கிராம். 336-இல் ஒன்றரை கிராமைச் சற்றே தாண்டிய எடை. 348-இல் மீண்டும் பெரிய காசுகளை வெளியிட்டுப் பார்த்தனர். அவையும் சில ஆண்டுகளில் சுருங்கின. 5-ஆம் நூற்றாண்டில் ஒரு கிராம் அளவே எடையுள்ள பொடிக்காசுதான் எஞ்சியது. 498-இல் பேரரசர் அனஸ்டேசியஸ், நாற்பது பொடிக்காசுகளுக்கு ஈடான பெரிய செப்புக்காசை வெளியிட்டுப் புதிய முறையைத் தொடங்கியதோடு இவ்வரலாறு முடிகிறது.

ஆக, காசின் அளவே நமக்குக் கிடைக்கும் முதற்சான்று. ஆய்வாளர்கள் இக்காசுகளின் பழைய பெயர்களை உறுதியாக அறியாததால் குறுக்களவைக் கொண்டு நான்கு வகைகளாகப் பிரித்துக்கொண்டனர். 25 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது முதல் வகை. 21 முதல் 25 வரை இரண்டாம் வகை. 17 முதல் 21 வரை மூன்றாம் வகை. 17-க்குக் கீழ்ப்பட்டது நான்காம் வகை. ஆகவே எழுத்தைத் தேடும் முன் அளவுகோலையும் தராசையும் எடுப்பதே முறை.

இரண்டாவதாக, முகம். முதலாம் நூற்றாண்டுக் காசுகளில் நீரோவின் தடித்த கழுத்தையும் வெஸ்பாசியனின் முதிர்ந்த முகத்தையும் பெயர் படிக்காமலே அடையாளம் காணலாம். 4-ஆம் நூற்றாண்டில் அது பெரும்பாலும் நடவாது. தந்தைக்கும் மகனுக்கும், ஏன், பகைவனுக்கும்கூட ஒரே முகத்தை வெட்டியிருப்பார்கள் அச்சு வெட்டிய கலைஞர்கள். நாம் பார்க்க வேண்டியது தலையில் அணிந்திருப்பதை. கதிர்கள் விரியும் முடி என்றால் பெரும்பாலும் 3-ஆம் நூற்றாண்டு. இலைகளால் கட்டிய மாலை என்றால் 4-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி, அல்லது சீசர் எனப்பட்ட இளவரசர். 324-இல் லிசினியஸை வென்று தனியரசரான பிறகு கான்ஸ்டன்டைன் முத்தும் மணியும் பதித்த முடிப்பட்டையை அணியத் தொடங்கினார். அதுமுதல் முடிப்பட்டை அகஸ்டஸ் எனப்பட்ட பேரரசருக்கு உரியதாயிற்று.

மூன்றாவதாக, பெயர். என்னை வீழ்த்தியது இதுதான். கான்ஸ்டன்டைன் குடும்பத்தார் தங்கள் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த முறை நாணயவியலாருக்குப் பெருஞ்சோதனை. தந்தை கான்ஸ்டான்டியஸ், மகன் முதலாம் கான்ஸ்டன்டைன், பேரன்மார் இரண்டாம் கான்ஸ்டன்டைன், இரண்டாம் கான்ஸ்டான்டியஸ், கான்ஸ்டன்ஸ் ஆகிய மூவர், போதாததற்கு, காலஸ் என்று வரலாறு அழைக்கும் மற்றொரு பேரனும் 351 முதல் 354 வரை சீசராக இருந்தபோது காசுகளில் கான்ஸ்டான்டியஸ் என்றே பெயர் பொறித்துக்கொண்டார். இலத்தீன் எழுத்துப்படி கான்ஸ்டன்டைனின் பெயர் 'கான்ஸ்டான்டினுஸ்' என்றும், கான்ஸ்டான்டியஸின் பெயர் 'கான்ஸ்டான்டியுஸ்' என்றும் வரும். இரண்டுக்கும் வேறுபாடு நடுவிலுள்ள 'என்' என்ற ஒரே எழுத்து! பல காசுகளில் அந்த எழுத்துக்கு முன்பே மன்னரின் தலை வந்து பெயரை இரண்டாகப் பிளந்துவிடும். இடப்பக்கம் இருவருக்கும் 'கான்ஸ்டான்டி' என்றே நிற்கும். வலப்பக்கம் 'என்' எழுத்தோடு தொடங்கினால் ஒருவர். 'வி' எழுத்தோடு தொடங்கினால் மற்றவர். நான் இடப்பக்கத்தை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதியிருந்தேன்.

பெயருக்கு முன்னும் பின்னும் வரும் பட்டங்களும் உதவும. 'டி.என்.' என்றால் 'நம் தலைவர்'. 'பி.எஃப். ஏ.வி.ஜி.' என்றால் 'பக்தியும் பேறும் உடைய அகஸ்டஸ்'. 'என்.ஓ.பி. சி.' என்றால் 'மிகு மேன்மையுடைய சீசர்'. பெயர் அழிந்து பட்டம் மட்டும் எஞ்சியிருந்தால்கூடப் பேரரசரா இளவரசரா என்பது தெரிந்துவிடும்.

நான்காவதாக, பின்புறக் காட்சி. என் அனுபவத்தில் தேய்ந்த காசுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. ஏனெனில் பேரரசு முழுவதும் பல நாணயச்சாலைகள் ஒரே காலத்தில் ஒரே காட்சியை அச்சடித்தன. சில ஆண்டுகளில் அதை நிறுத்திவிட்டு வேறொன்றுக்கு மாறின. ஆகவே காட்சி தெரிந்தால் காலம் தெரியும். வெல்லப்படாத சூரியதேவன் கையுயர்த்தி நின்றால் ஏறத்தாழ 310-க்கும் அதற்கடுத்த சில ஆண்டுகளுக்கும் உரியது. 312-இல் மில்வியன் பாலப் போரில் வென்று கிறித்தவத்தின் பக்கம் திரும்பிய கான்ஸ்டன்டைனின் காசில் அதன் பின்னரும் சூரியதேவன் நின்றுகொண்டிருந்தான் என்பது நூல்களைவிடக் காசு தெளிவாகச் சொல்லும் உண்மை. கோட்டை வாயிலும் அதன்மேல் இரு சிறு கோபுரங்களும் என்றால் பெரும்பாலும் 324 முதல் 330 வரை. இரு வீரர்கள், நடுவே இரண்டு கொடிக்கம்பங்கள் என்றால் 330 முதல் 335 வரை. அதே வீரர்கள், ஒரே கொடிக்கம்பம் என்றால் 335 முதல் 341 வரை. காசு சிறுத்தபோது இரண்டாவது கம்பத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது!

348-இல் வந்த காட்சிகள் நாடகத் தன்மை கொண்டவை. குதிரையிலிருந்து விழும் பகைவனை ஈட்டியால் குத்தும் ரோமானிய வீரன்; கப்பலில் நிற்கும் பேரரசர்; நெருப்பில் மீண்டெழும் ஃபீனிக்ஸ் பறவை. அனைத்திலும் ஒரே வாசகம்: 'நற்காலத்தின் மீட்சி' என்பது அதன் பொருள். ரோம் நகரம் நிறுவப்பட்டு 1100 ஆண்டுகள் நிறைவுற்றதாக அவர்கள் கணக்கிட்ட ஆண்டு அது. நற்காலம் இரண்டே ஆண்டு நீடித்தது. 350-இல் கான்ஸ்டன்ஸ், மாக்னென்டியஸின் கலகத்தில் கொல்லப்பட்டார். 351-இல் முர்சா என்ற இடத்தில் ரோமானியப் படைகள் தம்முள் பொருது பல்லாயிரவர் மடிந்தனர். குதிரையிலிருந்து விழும் பகைவன் மட்டும் காசில் தொடர்ந்து விழுந்துகொண்டேயிருந்தான்.

பெரிய காசில் ஒரு காளையும் அதன்மேல் இரு விண்மீன்களும் இருந்தால் அது 361 முதல் 363 வரை ஆண்ட ஜூலியனுடையது. பழைய தெய்வ வழிபாட்டுக்குத் திரும்பிய இம்மன்னரின் காளையை அந்தியோக்கியா நகர மக்கள் கேலி செய்த செய்தி பழைய நூல்களில் பதிவாகியிருக்கிறது. கைதியின் தலைமயிரைப் பற்றி இழுக்கும் பேரரசர் என்றால் 364-க்குப் பிற்பட்ட வாலன்டினியன், வாலன்ஸ் ஆகியோரின் காலம். மிகச் சிறிய காசில், தோளில் வெற்றிச்சின்னம் சுமந்தபடி கைதியை இழுத்துச் செல்லும் வெற்றித் தேவதை என்றால் 388 முதல் 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை. அதன் வாசகம் 'நாட்டின் நலம்'. 410-இல் ரோம் நகரமே கோத்தியரால் சூறையாடப்பட்டது என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் காசைப் பார்த்தால் மனம் கனக்கும்.

ஐந்தாவதாக, அக்கசாலைக் குறி. பின்புறக் காட்சியின் அடியில் ஒரு கோடு இருக்கும். அக்கோட்டுக்குக் கீழே உள்ள சில எழுத்துகள் காசு அடிக்கப்பட்ட நகரத்தைச் சொல்லும். 'டி.ஆர்.' என்றால் இன்றைய ஜெர்மனியின் ட்ரியர். 'எஸ்.எம்.கே.' என்றால் சிசிகஸ். 'எஸ்.எம்.என்.' என்றால் நிக்கோமீடியா. 'ஏ.என்.' அந்தியோக்கியா, 'ஏ.எல்.' எகிப்தின் அலெக்சாண்ட்ரியா. 'எஸ்.எம்.' என்பது 'பேரரசரின் புனித நாணயம்' என்ற பொருள்படும் சொற்களின் சுருக்கம். இவற்றோடு பட்டறையின் எண்ணும் இருக்கும். மேற்கு நகரங்கள் முதலாவது, இரண்டாவது என்பவற்றின் இலத்தீன் முதலெழுத்துகளைப் பயன்படுத்தின. கிழக்கு நகரங்கள் ஆல்ஃபா, பீட்டா, காமா எனக் கிரேக்க எழுத்துகளை எண்களாக இட்டன.

இங்கும் ஒரு கண்ணி உண்டு. பிரான்சின் ஆர்ல் நகருக்குக் கான்ஸ்டன்டைன் குடும்பத்தின் பெயர் சூட்டப்பட்டதால் அதன் குறியும் 'சி.ஓ.என்.' என்று தொடங்கும். கான்ஸ்டான்டினோபிளின் குறியும் அப்படியே. பட்டறை எழுத்து முன்னால் நின்றால் ஆர்ல். பின்னால் கிரேக்க எழுத்தாக நின்றால் கான்ஸ்டான்டினோபிள். ஓர் எழுத்து நிற்கும் இடம் மாறினால் காசு பிறந்த ஊர் ஆயிரம் கல் தொலைவு தள்ளிப்போய்விடும்.

இனி நண்பரின் காசுக்குத் திரும்புவோம். பதினாறு மில்லிமீட்டர், ஒன்றரை கிராம். இரு வீரர்கள், ஒரு கொடிக்கம்பம்: எனவே 335 முதல் 341 வரை. முடிப்பட்டை அணிந்த தலை: எனவே பேரரசர். 'கான்ஸ்டான்டி' என்று தொடங்கும் பெயர்: எனவே 337-இல் இறந்த முதலாம் கான்ஸ்டன்டைனோ, அதன்பின் பேரரசர்களான இரண்டாம் கான்ஸ்டன்டைனோ, இரண்டாம் கான்ஸ்டான்டியஸோ ஆகலாம். நான் படித்திருந்தது இவ்வளவுதான். எழுதியதோ ஒரே பெயரை! ஆறு மாதங்களுக்குப் பின் ஒரு மாலையில் அறை விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கின் ஒளியைப் பக்கவாட்டில் படும்படி சாய்த்து, உருப்பெருக்கியால் மீண்டும் பார்த்தோம். மழுங்கிய இடத்தில் நிழல் விழுந்தது. தலையை அடுத்து 'வி', அதையடுத்து 'எஸ்'. 'என்' எழுத்து நிற்பதற்கு இடமே இல்லை. அவர் கான்ஸ்டான்டியஸ். தந்தை இறந்த 337-ஆம் ஆண்டிலேயே உறவினர் பலர் படுகொலையுண்டதன் மீது எழுந்த அரியணை அவருடையது. கொல்லப்பட்டவர்களுள் சீசர் டெல்மேஷியஸும் ஒருவர். அவர் பெயரிலும் இதே இரு வீரர் காசுகள் 335 முதல் 337 வரை வெளியாகியிருந்தன.

வலப்பக்கம் மட்டும் ஏன் மழுங்கியது என்று நண்பரைக் கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "சின்ன வயசுல பாட்டி புளி போட்டுத் தேய்ச்சாங்க. பளபளன்னு வந்துச்சு." செப்புக்குடம் துலக்கும் அதே கைப்பக்குவம்! ஆற்று மணலில் பதினாறு நூற்றாண்டுகள் தாங்கிய எழுத்தைப் புளியும் தேங்காய் நாரும் ஒரு காலையில் கொண்டுபோய்விட்டன. பாட்டியைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அக்கசாலைக் குறியும் அதோடு போயிற்று. எனவே என் குறிப்பேட்டில் இப்போது இருப்பது: 'இரண்டாம் கான்ஸ்டான்டியஸ், 337–341, அக்கசாலை தெரியவில்லை.'

இந்தக் கடைசிச் சொல்லை எழுத எனக்கு முதலில் மனம் வரவில்லை. இனங்காண்பது என்றால் ஒரு மன்னர் பெயரைச் சூட்டுவது என்றே எண்ணியிருந்தேன். காசு எதுவரை சொல்கிறதோ அதுவரை மட்டுமே எழுதுவதுதான் இனங்காண்பது. வெற்றித் தேவதை மட்டும் தெரியும் பொடிக்காசுக்கு 'தியோடோசியஸ் குடும்பத்தார், 388-க்குப் பின்' என்று எழுதினால் போதும். தியோடோசியஸ், அர்கேடியஸ், ஹொனோரியஸ் என்று ஏதேனும் ஒரு பெயரைத் தேர்ந்து எழுதுவது, கல்வெட்டில் சிதைந்த இடத்தை நம் விருப்பம்போல் நிரப்புவதற்கு ஒப்பாகும்.

இதில் தமிழக வரலாறும் அடங்கியிருக்கிறது. 1904-இல் இராபர்ட் சீவெல் இந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகளைத் தொகுத்தபோது, மதுரையில் கிடைத்த சிறு செப்புக்காசுகளைக் கொண்டு அங்கே ரோமானியர் குடியிருந்திருக்கலாம் என்று கருதினார். 'தினமலர்' ஆசிரியராக இருந்த நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி, கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக்காசுகளைப் பற்றி 1994-இல் தனி நூலே வெளியிட்டார். இலங்கையில் இத்தகைய காசுகள் பெருந்தொகையாகக் கிடைத்திருக்கின்றன. சங்க காலத்துக்குப் பிந்தைய, 'இருண்ட காலம்' என்று நம் பாடநூல்கள் பெயரிட்ட நூற்றாண்டுகள் இவை. அக்காலத்திலும் கடல்வழி உறவு அறுந்துவிடவில்லை என்பதற்கு இந்தப் பொடிக்காசுகள் சான்றாக நிற்கின்றன.

ஆனால் சான்றை அளந்து பயன்படுத்த வேண்டும். 390-இல் அடிக்கப்பட்ட காசு 390-இலேயே வந்தது என்று பொருளில்லை. இவை பல பத்தாண்டுகள் புழங்கித் தேய்ந்தவை. நேரே மேற்கிலிருந்து வந்தவையா, இலங்கை வழியாக வந்தவையா என்பதும் வேறு கேள்வி. மேலும் இலங்கையில் உள்ளூரிலேயே ரோமானியக் காசுகளைப் பார்த்து அடித்த போலிகளும் உண்டு. அவற்றில் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகளும் புள்ளிகளும் இருக்கும். உருவம் குச்சி மனிதனைப்போல் இருக்கும். இவற்றை ஏமாற்று வேலை என்று ஒதுக்க வேண்டியதில்லை. எந்நாட்டுக் காசோ ஒன்றை மக்கள் தம் அன்றாடச் சில்லறையாக ஏற்றுக்கொண்டு, போதாதபோது தாமே அடித்துக்கொண்டார்கள் என்பது எவ்வளவு பெரிய செய்தி! அந்தச் செய்தி நமக்குக் கிடைக்க வேண்டுமானால் அசல் எது, உள்ளூர்க் காசு எது என்று பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும். போலியைத் தியோடோசியஸ் என்று எழுதிவிட்டால் அக்கதையே மறைந்துபோகும்.

எனவே நண்பர்களே, உங்கள் வீட்டுப் பழைய பெட்டியிலோ ஆற்றோரத்து ஊர் ஒன்றிலோ பச்சைக் களிம்பு படிந்த சிறு காசு எதையேனும் கண்டால், தயவுசெய்து புளி, எலுமிச்சை, அமிலம் எதையும் அதனருகே கொண்டுசெல்லாதீர்கள். களிம்பு பல நேரங்களில் எழுத்தைக் காக்கும் போர்வை. எங்கே, எதனோடு கிடைத்தது என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். அளந்து, நிறுத்து, இருபுறமும் படம் எடுங்கள். பிறகு ஒளியைச் சாய்த்துப் பொறுமையாகப் பாருங்கள். ஓர் எழுத்து தெரிந்தால் ஓர் எழுத்தை மட்டும் எழுதுங்கள். அடுத்த எழுத்தை நம்மைவிடக் கூரிய கண்ணுடைய ஒருவர் பின்னொரு நாள் படிக்கக்கூடும்.

நண்பரின் காசு இப்போது ஒரு சிறு தாளுறையில் இருக்கிறது. உறையின்மேல் நான் முதலில் எழுதிய 'கான்ஸ்டன்டைன்' என்ற சொல்லை அடித்துவிட்டுத் திருத்தியிருக்கிறேன். அடித்த சொல்லும் தெரியும்படியே விட்டிருக்கிறேன்.